இருபத்து நாலாவது நகர்த்தல்

நவம்பர் 7, வெள்ளி

விவாகரத்து மனுவில் நான் கையெழுத்துப் போட்டு மூன்று வாரமாகிறது. என் வீட்டுக்காரர் இன்னும் போடவில்லை. ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் போட்டுவிடுவாரோ என்று பயம். ரோஷக்காரியின் லட்சணம் இது!

ஞாயிற்றுக்கிழமை சதுரங்க மன்றத்தில் எனக்கு அவரோடுதான் ஆட்டமாம். எனக்குக் கறுப்புக் காய். மன்றச் செயலாளர், அந்தப் பல் டாக்டர், வேண்டுமானால் ஜோடியை மாற்றுகிறேன் என்று போனில் இழுத்தார். எதற்கு மாற்றணும்? ஆடுகிறேன் என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஜெயித்தேன்.

வழக்கம்போல ஸ்பானிஷ் திறப்பில்தான் ஆட்டத்தைத் தொடங்கினார். பதினோரு வருஷம் சாப்பாட்டு மேஜையில் பார்த்த அதே வரிசை — சிப்பாய், குதிரை, பிஷப். இளைத்திருக்கிறார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. எனக்கென்ன வந்தது?

இருபத்து நாலாவது நகர்த்தலுக்கு வெகுநேரம் யோசித்தார். ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டு, "சமமா முடிச்சுக்கலாமா?" என்றார். ஆட்டத்தின் நடுவே எதிராளியிடம் கேட்கலாம் என்றிருப்பது அது ஒன்றுதான். பிரிந்த ஐந்து மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சும் அதுதான். தோற்கப் பயம் என்று நினைத்தேன். மறுப்பாக யானையை நகர்த்தினேன். அப்புறம் தப்புத் தப்பாக ஆடினார். முப்பத்தெட்டில் ராஜாவைச் சாய்த்துக் கைகொடுத்தார். கை சில்லென்றிருந்தது.

நவம்பர் 10, திங்கள்

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் கடுக்கிறது. ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வென்றவர்தான் ஆட்டத்தை மன்ற அறிவிப்புப் பலகைக்கு எழுதித் தரணும். அதற்காக டாக்டர் இருவர் குறிப்புத்தாளையும் கொடுத்தார். நகர்த்துவதற்கு முன்பே எழுதிவைப்பது என் வீட்டுக்காரர் பழக்கம். இருபத்து நாலுக்கு நேரே ராணி நகர்த்தலை எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் அந்தச் சிப்பாயை எழுதியிருக்கிறார்.

காய்களை அடுக்கிப் பார்த்தேன். ராணி அங்கே வந்திருந்தால் என் யானை போச்சு, ஆட்டமும் போச்சு. ஜெயிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு சமன் கேட்டிருக்கிறார். ஐயோ, நான் ஏன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்? மனுஷன் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?

பேசணும். நாளைக்கே.

நவம்பர் 12, புதன்

மூன்று தரம் போன் செய்தேன். எடுக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

வக்கீலிடமிருந்து உறை வந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஒரு நடுக்கமில்லாமல். கீழே தேதியும் எழுதியிருக்கிறார்.

நவம்பர் 9. அந்த ஞாயிறு.