பவன் வண்டியின் கிளட்ச்

ஜூன் 3, செவ்வாய்
பவன் அவன் அம்மா மருதேவிக்கு ஃபோன் செய்து, இங்கே விட்டுப்போன பைக்கை விற்றுவிடச் சொல்லியிருக்கிறான். எனக்குச் செய்யவில்லை. எட்டு மாதமாகச் செய்வதில்லை. கிடைத்த அரசு வேலையை உதறிவிட்டு, புனேயில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். "கிரீஸ் துடைக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றேன். கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்
கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆதவன் என்று ஒருவர் வந்து வண்டியைப் பார்த்தார். பிடித்திருக்கிறது. "செயின் பக்கம்தான் அழுக்கு ஜாஸ்தி. தொடச்சு வைங்க சார், அடுத்த ஞாயித்துக்கெழமை எடுத்துக்கிறேன்." மருதேவி காபி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 7, சனி
மெக்கானிக் திருமலையைக் கேட்டுக்கொண்டு நானே உட்கார்ந்தேன். "இதுல கேபிள் கெடையாது சார், ஹைட்ராலிக் கிளட்ச். எண்ணெய்தான் தள்ளும். அந்தச் சின்ன சிலிண்டரைக் கழட்டினப்புறம் மேல ஹேண்டில்ல கிளட்சை மட்டும் யாரும் புடிச்சுடக் கூடாது. பிஸ்டன் வெளிய வந்துடும்."

எங்கள் வீட்டில் கிளட்ச் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

சிலிண்டரையும் மூடியையும் கழற்றினேன். செயின் ஓடும் முன் பல்சக்கரத்தைச் சுற்றி கிரீஸும் மண்ணும் களி மாதிரி அப்பியிருந்தது. சுரண்டிக்கொண்டே போனால், மூலையில் காய்ந்த மண்ணுக்குள் எறும்புகள். வெள்ளை வெள்ளையாய் முட்டை. கையில் பெட்ரோல் கிண்ணம். சமணக் குடும்பத்தில் பிறந்துவிட்டு அதை எப்படி ஊற்றுவது? தானாகப் போகட்டும் என்று அப்படியே திறந்து போட்டேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று மருதேவி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு
எறும்பு போகவில்லை.

ஜூன் 9, திங்கள்
பாதி போய்விட்டது. நாளை பௌர்ணமி, ஊரே மலையைச் சுற்றப் போகிறது. இதுகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றுகின்றன.

ஜூன் 10, செவ்வாய்
எறும்பு காலி. பிரஷோடு போனால் தரையெல்லாம் எண்ணெய். பிஸ்டன் வெளியே கிடக்கிறது. யார் உள்ளே வந்தது என்று கத்தினேன்.

மருதேவி கதவோரம் நின்றாள். "நான்தாங்க."

"நீயா? எதுக்கு?"

"தெனம் கோலம் போட்டுட்டு வந்து ஒரு தடவ புடிப்பேன். அவன் கை வைக்கிற எடம். மூணு நாளா கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. இன்னைக்கு தொளதொளன்னு போயிடுச்சு."

எட்டு மாதம். நான் பார்த்ததே இல்லை. அந்நேரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன். வெட்கமாக இருந்தது. சோப்பு போட்டுத் தரையைக் கழுவினேன். 

ஜூன் 12, வியாழன்
திருமலை பிஸ்டனை மாட்டிப் புது எண்ணெய் ஊற்றினான். உள்ளே காற்று நிற்கிறது, கிளட்ச் பிடிக்கவில்லை. "இந்த வண்டியில காத்து எடுத்து எனக்குப் பழக்கமில்ல சார். உங்க பையனையே கேளுங்களேன்."

கேட்பதா? நானா?

ஜூன் 13, வெள்ளி
கேட்கவில்லை.

ஜூன் 14, சனி
மூன்று ரிங் போனது. "சொல்லுங்கப்பா."

சொன்னேன். அம்மா பிடித்ததையும் சொன்னேன்.  பிறகு, இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்றான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். மருதேவி கிளட்ச் பக்கம், நான் கீழே சிலிண்டரின் காற்றுத் திருகாணியில் ஸ்பேனரோடு.

"புடிம்மா. அப்படியே வச்சிரு. அப்பா, தொறங்க. மூடுங்க. இப்ப விடும்மா."

முப்பது தடவை இருக்கும். குமிழி வருவது நின்றது.

"இப்ப பழையபடி கெட்டியா இருக்குடா" என்றாள்.

"கை கழுவிக்குங்கப்பா. அந்த எண்ணெய் தோலுக்கு ஆகாது."

"நீ?"

"கிளவுஸ் போட்டுப்பேம்பா."

ஜூன் 15, ஞாயிறு
ஆதவனிடம், விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனார். நியாயம்தான்.

ஜூன் 16, திங்கள்
காலையில் பேப்பரைப் பிரிக்காமல் ஜன்னலோரம் நின்றேன். கோலம் போட்டுவிட்டு வந்தாள். பிடித்தாள், விட்டாள், உள்ளே போனாள்.

பிறகு நான் போய் ஒரு தடவை பிடித்தேன்.