ஜெயிலரின் கண்ணீர்

குட்டிம்மா,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு. நான் ஒர்க்‌ஷாப் கிளம்பிட்டேன்.

நேத்து, "எனக்குன்னு ஒரு சாவி கூடக் கிடையாது, இது வீடா ஜெயிலா?"ன்னு கத்தினே. அப்புறம் என் கண்ணு சிவந்திருந்ததைப் பார்த்து மன்னிப்பு கேட்டே. நான் அழுதது அதுக்கில்ல. உன் மந்திர நாவலோட மூணாம் பாகத்தை உனக்கு முன்னாடியே படிச்சு முடிச்சுட்டேன். முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனா அடிமைச் சுரங்கத்துக்குள்ள தம்பியைத் தேடிப் போறாளே அந்த அக்கா, படுபாவி, அழ வெச்சுட்டா!

நீ கேட்ட மன்னிப்பு கேட்டதுதான், திருப்பித் தர மாட்டேன்.

— ஜெயிலர் அப்பா

பி.கு.: அந்தப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல வாசல் சாவி இருக்கு. போன மாசமே உனக்காகச் செஞ்சு வாங்கினது. கொடுக்கத்தான் மனசு வரல.