அரை எண்ணிக்கை

புதுக்கோட்டை, மேல மூன்றாம் வீதி,
விக்கிரம வருஷம் புரட்டாசி மாதம் 5ந் தேதி.

சௌபாக்கியவதி சொர்ணவல்லிக்கு உன் அப்பா ஆத்மநாதன் மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொண்டது. இங்கே நான் ஒருத்தன்தான், அந்த ஒருத்தனும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டு இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை பழனிச்சாமியும் சௌக்கியமாக இருக்க பிரகதாம்பாள் துணை செய்யணும். நீ ஆடி மாதம் மலாயா ஈப்போவிலிருந்து போட்ட கடுதாசி, சீமைச் சண்டை காரணமாக எங்கெங்கேயோ சுற்றி, யாரோ பிரித்துப் படித்து மறுபடி ஒட்டி, போன வாரம்தான் என் கைக்கு வந்தது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாய் என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். இந்த நேரத்துக்கு ஆறு மாசம் ஆகியிருக்கும். இப்போது புத்தி சொல்ல வேண்டியவள் போய்விட்டாள், அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. பளு தூக்காதே. தோட்டத்தில் கொசு ஜாஸ்தி என்று எழுதியிருந்தாய், காய்ச்சல் வந்தால் கொயினா மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாயில் போடாதே. மாப்பிள்ளை கிராணியாகக் கணக்கு எழுதுகிற தோட்டத்து ஆபீசில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து போவதாகச் சொன்னாயே, கூச்சப்படாமல் அவரிடம் காட்டு. புளிப்பு கேட்டால் சாப்பிடச் சொல்லுங்க என்று மோர்க்காரி செவந்தி சொல்லச் சொன்னாள், அது அவள் பொறுப்பு. இங்கிட்டு இன்னும் மழை இல்லை, கிணற்றில் முழங்கால் தண்ணீர்தான் கிடக்கிறது. மேற்குப் பக்கத்து ஓடு மாற்றியாச்சு. சமையல் நானேதான், நான் வைக்கிற ரசத்தை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போகும். இன்னும் பன்னிரண்டு நாளில் நவராத்திரி வருகிறது, உங்கம்மாவுக்கு வருஷம் திரும்பவில்லை என்பதால் இந்தத் தடவை கொலு கிடையாது, பொம்மைப் பெட்டி பரணிலேயே இருக்கிறது.

அம்மா கடைசியில் என்னைக் கேட்டாளா என்று நீ இதுவரை மூன்று கடுதாசியில் கேட்டுவிட்டாய். மூன்றுக்கும் நான் கருமாதி எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று எழுதி அனுப்பினேனே தவிர இதற்குப் பதில் எழுதவில்லை. மறந்துபோய் இல்லை. எழுதக் கை வரவில்லை. ஏழு மாசம் ஆகப்போகிறது, இதற்குமேல் மூடி வைத்தால் நான் மனுஷன் இல்லை. கேட்டாள், சொர்ணம். உன்னைத்தான் கேட்டாள். ஆனால் அதை மட்டும் எழுதி நிறுத்திவிட முடியாது, முதலிலிருந்தே சொல்ல வேண்டும்.

ஹெட்மாஸ்டர் வீட்டுக் கொலுவை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு அப்போது வயசு பதினாலு. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் குடும்பமெல்லாம் கூடியிருந்தது. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு அந்தச் சகானா ராகப் பாட்டைப் பாடினாய். நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியும், பாடுகிறவர் எப்பேர்ப்பட்ட வித்துவானாக இருந்தாலும் முன் வரிசையில் நாலு பேர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, எங்கே தப்பும் எங்கே தப்பும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாலு பேரில் நான் ஒருத்தன், தாலுகா ஆபீஸ் பெரியகருப்பன் ஒருத்தர். எங்களைப் பார்த்துவிட்டால் பாடகர்கள் கொஞ்சம் பயந்துதான் பாடுவார்கள் என்று ஊரில் பேச்சு. கணக்கு வாத்தியாரான எனக்கு அதில் ஒரு கர்வம், வேறென்ன. நீ பல்லவியில் தாயே என்கிற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டாய், அடுத்த அடியை அரை எண்ணிக்கை தாமதமாக எடுத்தாய். அம்புட்டுத்தான். நான் அத்தனை பேர் முன்னாலும் தரையில் ஓங்கித் தட்டி, தாளம் போச்சு, மறுபடி முதலிலிருந்து எடு என்றேன். பெற்ற மகள் என்று விட்டுக்கொடுக்கவில்லை என்று மனசுக்குள் எனக்கு நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். நீ சுருதிப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போனாய். மறுநாளே பாட்டு வாத்தியாரை வரவேண்டாம் என்று நிறுத்தினேன், கணக்கு வராதவளுக்குச் சங்கீதம் எதற்கு என்று சொன்னதும் நான்தான். அதற்கப்புறம் நீ பாடி நான் கேட்கவில்லை, கல்யாணமாகிக் கப்பல் ஏறுகிற வரைக்கும்.

மாசி மாதம் உங்கம்மா வயிற்றுவலியோடு படுத்தாள், கட்டி முற்றிவிட்டது, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒருநாள் காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, சொர்ணம் பாடுமே அந்தச் சகானா, அதை ஒருதடவை கேட்கணும் போல இருக்கு என்றாள். நான், அவள் பாடி ஒன்பது வருஷம் ஆச்சே, ஹெட்மாஸ்டர் வீட்டோடு சரி என்றேன். அவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் சொன்னாள். நான் ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பித் தெருமுனை திரும்பினதும் பரணிலிருந்து சுருதிப் பெட்டியை இறக்கிக் கொடுப்பாளாம், நீ அடுப்படியில் உட்கார்ந்து பாடுவாயாம், நாலு மணி அடித்ததும் பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விடுமாம். தெருவே கேட்டிருக்கிறதாம். எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், மோர்க்காரி கேட்டிருக்கிறாள், கூரை வேய வந்தவன் வேலையை விட்டுவிட்டுக் கேட்டானாம். நாலரை மணிக்கு முன்னால் நான் வரமாட்டேன் என்று எல்லாருக்கும் தெரியும், என்னைப் பார்த்துத்தான் கடைக்காரன் கெடியாரத்தைத் திருப்பி வைப்பான்.

இதைக் கேட்டதும் நான் என்ன செய்திருக்க வேண்டும். சாகக் கிடக்கிறவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் கோபித்துக்கொண்டேன் சொர்ணம். என் வீட்டில் என்னை முட்டாளாக்கி வைத்திருந்தீர்களா என்று கத்திவிட்டு, அன்று பூராவும் அவளோடு பேசவில்லை. அவளுக்கு இருந்ததே இன்னும் பதினோரு நாள், அதில் ஒருநாளை நான் இப்படிப் பாழாக்கினேன். ராசாத்தி மாதிரி நடத்தினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன், என் லட்சணம் இதுதான்.

மறுநாள் அவள் மறுபடியும் கேட்டாள். கோபம் இறங்கியிருந்தது, சரி நானே பாடுகிறேன் என்று உட்கார்ந்தேன். முப்பது வருஷம் கச்சேரி கேட்டவன், எந்தப் பாட்டுக்கு எங்கே எடுப்பு, எத்தனை எண்ணிக்கை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். வாயைத் திறந்தால் பாட்டு வரவில்லை, ஸ்வரம்தான் வந்தது, கை தன்பாட்டுக்குக் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. உங்கம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள், போதுங்க, தட்டினா வயித்துல வலிக்குது என்றாள். அந்த நேரம் பார்த்து செவந்தி மோர்ப்பானையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இம்புட்டுத்தானா, நம்ம தங்கச்சி பாடுமே அதுதானே, எனக்குத் தெரியுமே ஆத்தா என்று பானையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து பாடினாள். வல்லத்திராக்கோட்டையில் பிறந்து நாத்து நட்டவள், சுருதி என்றால் என்னவென்று தெரியாது, பாதி வார்த்தை அவளே போட்டுக்கொண்டது. ஆனால் தாயே என்கிற இடத்துக்கு வந்ததும் நின்றாள். நீ நின்ற அதே இடத்தில், அதே அளவு. உங்கம்மா மூச்சும் அங்கே நின்று அப்புறம்தான் இறங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரைக்கும் ஓடியது, வலியென்று அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தில் நின்றுதான் ஆகவேண்டும். தாயே என்று கூப்பிட்டவள், கூப்பிட்ட குரலுக்குப் பதில் வருகிறதா என்று ஒரு நொடி பார்க்காமல் அடுத்த வார்த்தைக்கு எப்படிப் போவாள். பதினாலு வயசில் உனக்கு அது தெரிந்திருந்தது. ஐம்பது வயசில் எனக்குத் தெரியவில்லை. நான் தப்பு என்று தரையில் தட்டியது அந்தப் பாட்டின் உயிரை.

அவள் போனபிறகு கச்சேரி பக்கமே போகக்கூடாது என்று இருந்தேன். ஆடிப்பூரத்துக்குப் பெரியகருப்பன் விடாப்பிடியாகத் திருக்கோகர்ணம் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். யாரோ வெளியூர் வித்துவான், எழுபது வயசுக்கு மேல் இருக்கும், குரல் முக்கால்வாசி போய்விட்டது, மேலே எட்டவில்லை. நடுவில் ஒரு முகாரியை எடுத்தவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு நின்றுவிட்டார், தாளம் எங்கேயோ போய்விட்டது, மிருதங்கக்காரர் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். பெரியகருப்பன் என்னைத் திரும்பிப் பார்த்து, பார்த்தீரா என்கிற மாதிரி சிரித்தார். பழைய ஆளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். எனக்கு முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. என் கை மடியில் அசையாமல் கிடந்ததை அப்புறம்தான் பார்த்தேன். உடம்புக்கு என்ன என்று அவர் கேட்டார், ஒன்றுமில்லை, இன்றைக்குத்தான் பாட்டுக் கேட்கிறேன் என்றேன். மனுஷருக்கு விளங்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை தோறும் போகிறேன், பின்னால் தூணோரம் உட்கார்ந்துகொள்கிறேன். கேட்டதை வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லை. எத்தனையோ கச்சேரிக்குப் போய்விட்டு வந்து, யார் எங்கே தப்பினார்கள் என்று மட்டும் உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், பாட்டு எப்படி இருந்தது என்று அவள் கேட்டதற்கு ஒருநாளும் நான் பதில் சொன்னதில்லை.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமான சங்கதி. போவதற்கு முதல்நாள் உங்கம்மா என்னிடம் ஒன்று கேட்டாள். கல்யாணத்துக்கு ஏழெட்டு மாசம் முன்னாலிருந்து நீ பாடுவதை நிறுத்திவிட்டாயாம். பெட்டியை இறக்கிக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். புள்ளை ஏன் நிறுத்துச்சுன்னு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியலைங்க, உங்களுக்குத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். பொய்.

கல்யாணத்துக்கு முந்தின அந்தப் பங்குனியில் எனக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்கூடத்திலிருந்து நடுப்பகலில் அனுப்பிவிட்டார்கள். பிள்ளையார் கோவில் முனையில் திரும்பும்போது யாரோ பாடுகிற சத்தம் கேட்டது. தலைச்சுற்றல், வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சகானாதான். நின்றவன் காய்ச்சலோடும் விரலை மடக்கி எண்ணினேன். பாட்டு அரை எண்ணிக்கை தப்பியது, நான் நடந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நீ கஞ்சி கொண்டுவந்தாய். தெருவில் எவளோ ஒருத்தி தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள், தாளம் என்றால் என்னவென்றே தெரியாத ஜன்மம், இதுகளெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தேவலை என்று சொன்னேன். உங்கம்மா கொல்லையில் இருந்தாள், அவள் காதில் விழவில்லை. நீ டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாய். இது அத்தனையும் உங்கம்மா கேட்ட அந்த நிமிஷம் எனக்கு நினைவு வந்தது. சொல்லியிருந்தால் என்னை மன்னித்திருப்பாள், அவள் சுபாவம் அப்படி. தைரியம் வரவில்லை. தெரியாமலே போய்விட்டாள்.

ஒருதடவை உன் பாட்டு என் காதில் விழுந்தும் நான் அதைக் கேட்கவில்லை அம்மா. அந்த மரத்தடியில் நின்றதை எத்தனையோ முறை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எந்த இடத்தில் தப்பியது என்று நினைவிருக்கிறது, எத்தனையாவது விரல் மடங்கியிருந்தது என்று நினைவிருக்கிறது. உன் குரல் எப்படி இருந்தது என்று மட்டும் நினைவில்லை.

நீ பாடு என்று கேட்க எனக்கு வாய் கிடையாது. பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பாடுவதும் பாடாததும் உன் இஷ்டம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் வயிற்றில் இருக்கிற குழந்தைக்கும் ஒரு குறையும் வராமல் அம்பாள் காப்பாற்றட்டும், சுகமாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயசு இருங்கள். டாக்டரிடம் காட்டியதும் உடனே இரண்டு வரி போடு. இந்தக் கடுதாசியை மாப்பிள்ளையிடமும் படிக்கக் கொடு, எனக்குத் தெரியாமல் பாடினது போல் அவருக்குத் தெரியாமல் அழாதே.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற அப்பா,
ஆத்மநாதன்.