இரண்டு பேர் இருக்க வேண்டும்

ராஜபாளையம்,
8-4-1935

என் பிரியமுள்ள பரிபூரணத்துக்கு,

வேதமணி எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். நீயும் ஆவுடையும் உன் நாத்தனார் வீட்டில் சௌக்கியமாக இருப்பதாக உன் வீட்டுக்காரர் சீனிச்சாமி சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன சீமையிலா இருக்கிறது? ஏழு மைல். போய் இரண்டு மாதமாகியும் எனக்கு ஒரு கார்டு போட உனக்கு மனம் வரவில்லையே.

இங்கே பஞ்சு வரத்துத் தொடங்கிவிட்டது. ஜின்னிங் பேக்டரிக்குப் பெண்கள் விடிந்ததும் வந்துவிடுகிறார்கள். நம் பிள்ளைக் கொட்டகையில் இப்போது இருபத்தாறு குழந்தைகள். நீயும் நானும் நாலு பிள்ளைகளை ஓலைப்பாயில் போட்டுத் தொடங்கியதை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாயிருக்கிறது. தாய்மார்கள் முறை தவறாமல் வேலையை விட்டு வந்து பார்த்துக்கொள்கிறார்கள். நமக்கு இடம் கொடுத்த ஜெயபாய் அம்மாள் கஞ்சிக்கு அரிசி அனுப்புவதோடு, தகரக் கொட்டகையை மாற்றி ஓட்டுக் கட்டடம் கட்டித் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ரத்தினத்தின் மகன் பால்ச்சாமிக்குப் புண் ஆறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே தோல் இழுத்துக்கொண்டிருக்கிறது. சற்றுச் சாய்ந்து நடக்கிறான்.

அன்று நடந்ததை நாம் பேச வேண்டாம். கொட்டகைக் கமிட்டிக்கு மன்னிப்பாக நாலு வரி எழுதிக் கொடு. முறைப் பட்டியலில் உன் பெயரை மறுபடியும் சேர்க்க நான் பேசுகிறேன். ஆவுடைக்குச் சீட்டித் துணியில் ஒரு பாவாடை தைத்து, சீனிச்சாமியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உன் அன்புள்ள,
சா. வேதமணி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
22-4-35

டீச்சரக்காவுக்குப் பரிபூரணம் கும்பிட்டு எழுதுதது,

லெட்டரும் பாவாடையும் வந்துச்சு. பாவாடை அளவா இருக்கு. போட்டுக்கிட்டு ஆவுடை தெருவெல்லாம் சுத்தி வந்தா. நான் இங்க தறிக்காரவுக வீட்ல நூல் தார் சுத்துதேன். நாத்தனா நல்லாத்தான் பாத்துக்கிடுதாக. ஆனாலும் அடுத்த வீட்டுச் சோறு அடுத்த வீட்டுச் சோறுதானக்கா.

மன்னிப்பு எழுதச் சொல்லியிருந்தீக. நான் மூணாங் கிளாஸ் வரைக்கும் படிச்சவ, எழுத வராமலா இருக்கு? பென்சிலும் கையுமா உக்காந்தேன். என்ன தப்புன்னு எழுதுறதுன்னுதான் தெரியல. அதனால நடந்ததை எழுதுதேன். பிசகு இருந்தா நீங்களே திருத்துங்க.

அன்னைக்கு எனக்கும் ஏசம்மாளுக்கும் முறை. ஏசம்மாள் காய்ச்சல்னு காலையிலேயே உங்களுக்குச் சொல்லிவிட்டா. பத்து மணிக்கு ஜெயபாய் அம்மா வீட்டு வில்வண்டி வந்து நின்னுச்சு. மதுரையிலருந்து பெரிய மனுசி யாரோ வந்திருக்காக, டீச்சரைப் பாக்கணுமாம்னான் வண்டிக்காரன். நீங்க பட்டுச்சேலை மாத்திட்டு வந்தீக. "இருபத்திரண்டு பிள்ளையை நான் ஒருத்தி எப்படிக்கா பாக்க? யாரையாச்சும் கூட்டிவிட்டுப் போங்க"ன்னேன். "செத்த நேரந்தான் பரிபூரணம், இதே வண்டியில திரும்பிருவேன்"னு ஏறிட்டீக. உச்சி வரைக்கும் வரல. ஒரு பிள்ளை வாந்தி எடுத்துச்சு. அதைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடுனேன். திரும்புறதுக்குள்ள பால்ச்சாமி கஞ்சிப்பானையை இழுத்துட்டான்.

கமிட்டி கூடுன அன்னைக்கு நான் வாசப்படியில நின்னேன். "வேற ஒருத்தியைக் கூப்பிட்டு வச்சுக்கோன்னு இவகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்"னு நீங்க சொன்னீக. உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பத் திருத்திருவாக, இப்பத் திருத்திருவாகன்னு.

அப்படி எங்கிட்டச் சொன்னீகளாக்கா? எனக்குத்தான் காதுல விழலையா? இதுக்கு மட்டும் பதில் போடுங்க.

பரிபூரணம்


ராஜபாளையம்,
15-5-1935

பரிபூரணத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் காதில் குறையில்லை. நான் அப்படி உன்னிடம் சொல்லவே இல்லை.

இதையும் தெரிந்துகொள். அன்று என்னை அங்கே யாரும் பிடித்து வைக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிஸ்கோத்து கொடுத்து, என்னைப் பற்றியே பேசினார்கள். "ஒரு தாயைக்கூடத் தனியாக விட்டுப் போகமாட்டார்களாம் இந்த டீச்சர். எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்" என்று ஜெயபாய் அம்மாள் மதுரையிலிருந்து வந்த அம்மாளிடம் பெருமையாகச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். புறப்பட வேண்டும் என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லட்டுமே என்று உட்கார்ந்திருந்தேன். பானை கவிழ்ந்தபோது என் கையில் தேநீர்க் கிண்ணம் இருந்திருக்கும்.

கமிட்டியில் அந்தப் பொய்யை யோசித்துச் சொல்லவில்லை. தானாக வாயில் வந்துவிட்டது. சொன்னபிறகு உன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை.

ஆனால் பரிபூரணம், ஆனி மாதம் கட்டடத்துக்கு அஸ்திவார வானம் தோண்டப் போகிறார்கள். இப்போது இது வெளியே வந்தால் ஜெயபாய் அம்மாள் கை விட்டுவிடுவார்கள். இருபத்தாறு பிள்ளைகளும் மறுபடி பஞ்சு மூட்டைக்கு இடையில் கிடக்கும். அந்தப் பிள்ளைகளுக்காக நீ கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடு.

வேதமணி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
27-5-35

டீச்சரக்கா,

எனக்குத் தெரிஞ்சதை எனக்கே எழுதி அனுப்பியிருக்கீக. தெரியாதவுக அங்கல்ல இருக்காக?

கிழிக்கல. யாருக்கும் காட்டவும் மாட்டேன். பயப்படாதீக.

அவிய, அதான் ஆவுடை அப்பா, மாசத்துக்கு ஒருதரம் வாராக. வாசல்ல உக்காந்து ஆவுடைக்குக் காராச்சேவு குடுத்துட்டு, அக்கா கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிருதாக. என்னைக்குக் கூட்டிட்டுப் போவீகன்னு கேட்டேன். "ஊர் வாய் கொஞ்சம் அடங்கட்டும்"கிறாக. எங்க மாமியா, பிள்ளை பாக்கத் தெரியாதவகிட்டப் பிள்ளையை எப்படி விடுததுன்னு சொல்லுதாகளாம்.

போன வாரம் நம்ம ஊர்லருந்து ஒரு கலியாணத்துக்கு ஆளுக வந்தாக. அவுக பிள்ளைக கூட ஆவுடை விளையாடப் போனா. திரும்பி வந்து, "ஏம்மா, நீதான் பால்ச்சாமி கால்ல கஞ்சியை ஊத்துனியா?"ன்னா. இல்லட்டின்னேன். அவ அன்னைக்குப் பூராவும் நான் ஊட்டுன சோத்தைத் தின்னல.

இருபத்தாறு பிள்ளைன்னு எழுதியிருக்கீக. ஆவுடையைச் சேத்தா இருபத்தேழு.

பரிபூரணம்


ராஜபாளையம்,
14-7-1935

என் பரிபூரணத்துக்கு,

சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை தாய்மார் கூட்டத்தில், ஜெயபாய் அம்மாளும் இருக்கும்போது. உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் வாய் திறந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

நான் எழுந்தபோது வானம் தோண்டும் நாளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். "பரிபூரணம் மேல் குற்றமில்லை. அவளைத் தனியாக விட்டுப் போனது நான். யாரையாவது கூட்டிவிட்டுப் போங்கள் என்று அவள் சொன்னாள். கமிட்டியில் நான் சொன்னது பொய்" என்றேன். ஜெயபாய் அம்மாள், "அவளைத் தனியாக விட்டுவிட்டா என் வீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் ஆள் வந்தது. அரிசி கிடையாது, கட்டடம் கிடையாது, கொட்டகை நிற்கும் இடத்தையும் ஆடி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும்.

அது எனக்கு வலிக்கவில்லை. ரத்தினம் கேட்டதுதான். பால்ச்சாமியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். "பிள்ளைக்குக் கால் வெந்தது எங்க கெட்ட நேரம், அதை விடுங்க டீச்சர். அவ வீட்டு வாசல்ல போய் நின்னு நான் மண்ணை வாரித் தூத்துனேன். அவ ஒத்தை வார்த்தை பேசாம நின்னா. அப்ப எம் பக்கத்துலதான் நீங்க நின்னீக. என் முதுகைத் தடவிவிட்டீகளே டீச்சர்" என்றாள்.

தடவினேன். அதுவும் உண்மை.

தாய்மார்கள் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவர்களாகவே பேசினார்கள். கொட்டகையை மூடக்கூடாது என்று முடிவு. வேதக் கோயில் பாதிரி ஐயரிடம் கேட்டு ஓய்வுநாள் பள்ளி அறையை வாங்கியிருக்கிறார்கள். ஆளுக்குத் தினம் ஒரு பிடி அரிசி. நான் இருக்கலாமாம். ஆனால் சாவி ஏசம்மாளிடம் இருக்கும். என்னைத் தனியே பிள்ளைகளோடு விடுவதில்லை. இந்த முறையைச் சொல்லும்போது ஏசம்மாள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் சம்மதித்தேன். இப்போது காலையில் போனால் யாராவது வரும்வரை வெளியே நிற்கிறேன். பிள்ளைகள் உள்ளே வாருங்கள் டீச்சர் என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

நீ திரும்பி வா. ஆவுடையைக் கூட்டிக்கொண்டு வா. சாவி உன்னிடம் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வேதமணி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
29-7-35

டீச்சரக்காவுக்கு,

உங்க லெட்டருக்கு முந்தியே சேதி வந்துட்டு. அவிய வந்தாக. இந்தத் தடவை வாசல்ல உக்காரல, உள்ள வந்தாக. "கெளம்பு, போவம்"னாக. "நான் சொன்னப்ப நம்பலையே, இப்ப மட்டும் என்ன?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. பொறவு நாத்தனாதான், புருசனை எம்புட்டு நேரந்தான் நிக்கவைப்பேன்னாக. ஆடிப்பூரத் தேர் பாத்துட்டு வாரேன்னுட்டேன்.

ரத்தினமும் பால்ச்சாமியைத் தூக்கிட்டு வந்தா. அழுதா. நானும் அழுதேன். பையன் காலைத் தடவிப் பாத்தேன். ஆவுடையும் தொட்டுப் பாத்துட்டு, "எங்கம்மா ஊத்தலைல்ல?"ன்னு அவன்கிட்டயே கேட்டா. அவனுக்கு என்ன தெரியும், சிரிச்சான்.

அரிசி போச்சு, கட்டடம் போச்சுன்னு தெரிஞ்சும் எல்லாரு முன்னாலயும் நீங்க சொன்னது சின்ன விசயம் இல்லக்கா. எனக்குத் தெரியும். அதுக்காக உங்களைக் கும்பிடுதேன்.

மன்னிச்சேன்னு எழுதச் சொன்னீக. எழுதுதேன், மன்னிச்சேன். ஆனா கேக்காததையும் எழுதணும்லா?

ஊருக்கு வந்ததும் பழையபடி ஜின்னிங் பேக்டரிக்குத்தான் போவேன். ஆவுடையைக் கொட்டகைக்கு அனுப்பப் போறதில்ல. சாவியும் வேண்டாம். என் கூடவே கூட்டிட்டுப் போவேன். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஆகாதுன்னு நீங்கதான் வீடு வீடா வந்து சொன்னீக. மறக்கல. இருந்தாலும் என் கண்ணு முன்னால இருக்கட்டும். நீங்க பிள்ளையை அடிக்க மாட்டீக, பட்டினி போட மாட்டீக, எல்லாருக்கும் தெரியும். ஆனா நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க சொல்லுததை நான் நம்பணும். அதுதான் என்னால முடியல.

கோவம்னு நினைச்சுக்கிடாதீக. கோவமா இருந்தா இந்நேரம் ஆறியிருக்கும்.

ரோட்டுல பாத்தா நின்னு பேசுவேன். இதுக்குப் பதில் போட வேண்டாம்.

பரிபூரணம்