பேர் மாறாத வண்டி

14 ஜூன் 2007, வியாழன்

புது வண்டி எடுத்த சந்தோஷமே இல்லை. சின்னமனூர் பைக் ஷோரூமில் இன்சூரன்ஸ் எழுதுகிறவர், ஃபுல் போடவா, தேர்டு பார்ட்டி போதுமா என்று கேட்டார். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு.

"பாய், பழைய வண்டிக்கு நீங்க கிளைமே வாங்கல. அதுக்குக் கெடைக்கிற போனஸ் தள்ளுபடிய இதுக்கு மாத்திக்கலாம். பழசப் பேரு மாத்திக் குடுத்த பேப்பர மட்டும் கொண்டாங்க."

பேப்பருக்கு எங்கே போவேன்? போன மாதம் மனைவியின் தம்பி சலீமிடம் சாவியைக் கொடுத்தேன், அவ்வளவுதான். சொந்தத்துக்குள் யார் பேர் மாற்றுகிறார்கள்?

"மாத்தலையா? அவுக யாரையாச்சும் இடிச்சா கேஸ் உங்க மேலதான வரும்!"

வீட்டுக்கு வந்து மனைவி ரஹீமாவிடம் சொன்னேன். "பேர மாத்துன்னு போயி நின்னா, மச்சான் நம்மள நம்பலைன்னு தம்பி நெனைக்க மாட்டானா?" என்றாள். அதுவும் சரிதான்.

சலீமுக்குப் போன் போட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கு மச்சான் மாத்தணும்? செக்போஸ்ட்டுல ஆர்.சி. புக்குல உங்க பேரப் பாத்ததும், பழக்கமான பேருன்னு மறிக்காம விட்டுர்றாக," என்றான். வண்டியின் பின்னால் இரண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் ஏலத் தோட்டத்துக்கு மலை ஏறுகிறானாம்.

பழைய வண்டியின் இன்சூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. அதைக் கட்ட வேண்டியது அவனா, நானா? எந்த வாயால் கேட்பது?

போனஸ் போனால் போகட்டும் என்று புது வண்டிக்கு ஃபுல் போட்டுவிட்டேன். அது வாசலில் சும்மா நிற்கிறது. விடிந்தால் என் பேர் மூன்று ஆளைச் சுமந்துகொண்டு மலை ஏறும்.