சாவடி எடுத்த பின்னும்

நான் சொல்வதற்கெல்லாம் "ஊம்" கொட்டிக் கேட்கும் என் அம்மாவுக்கு,

"அம்மா, இங்கே இப்போது சாவடி இல்லை" என்று அன்று நான் சொல்லவில்லை. சித்தி வீட்டுக்குப் போகிற வழியில், கடலூர் ரோட்டுப் புளியமரத்தடியில் நீ சட்டென்று நின்றுவிட்டாய். கூடையை இறக்கி, மேல்துணியை விலக்கி, யாரோ வந்து பார்ப்பதற்காகக் காத்திருந்தாய். எதிரே வெறும் ரோடுதான் இருந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி, குறுக்கே கிடந்த மூங்கில் தடியைப் பிடுங்கிப் போட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் பாகூரிலிருந்து கடலூர்ப் பக்கம் போகிறவர்களைச் சுங்கக்காரர்கள் அங்கேதான் நிறுத்திச் சோதிப்பார்கள். நம் பக்கம் மலிவாகக் கிடைத்த சீமைத் துணியைச் சித்திக்காக நீ வயிற்றில் சுற்றிக்கொண்டு போவாய். எத்தனை மாதம் என்று கேட்டால் கூசாமல் "எட்டு" என்பாய்.

ஒருநாள் சாவடியில் இருந்த சுங்கக்காரர் சிரித்துவிட்டாராமே. "இன்னாம்மா, போன மாசமும் எட்டு, இந்த மாசமும் எட்டா?"

"ஆம்பளைக்கு இந்தக் கணக்கெல்லாம் இன்னா தெரியும் சார்? வூட்ல போயி உங்க சம்சாரத்தக் கேளுங்க."

தடி மேலே போய்விட்டது. இதைச் சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பாய். அன்று மரத்தடியில் மட்டும் அது உனக்குக் கதையாக இல்லை. உன் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. பின்னால் வந்த வண்டிக்காரர் மாட்டை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரே, "சரிம்மா, பாத்தாச்சி, போ" என்றார். நீ கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாய்.

அதற்கு முந்தைய பங்குனியில் உன் வாய் ஒரு பக்கம் கோணி, மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டதே, நினைவிருக்கிறதா? காற்று பட்டிருக்கும் என்றார்கள். அதன் பிறகுதான் நீ மாற ஆரம்பித்தாய். திடீரென்று ஞாபகத்தில் ஒரு படி இறங்குவாய். அங்கேயே சில மாதம் நிற்பாய். தேறிவிட்டாள் என்று நாங்கள் மூச்சு விடும்போது இன்னொரு படி.

கடலூர் டாக்டர் உன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். "ரத்தக் கொதிப்பு ரொம்ப நாளா இருந்திருக்கு. மூளைக்குப் போற சின்னக் குழாய்ங்க ஒண்ணொண்ணா அடைபடுது. ரத்தம் போவாத இடம் செத்துப்போவுது. போனது திரும்பாதும்மா. மிச்சத்தக் காப்பாத்தப் பாப்போம்" என்றார். மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார்.

ஞாபகத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன். ஒரு நூல் தடிமன் குழாயில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லையே, அம்மா?

உப்பில்லாத குழம்பை வைத்தால் தட்டைத் தள்ளுவாய். "இன்னாடி இது, மாட்டுக்கு வச்ச கழனித்தண்ணிய எனக்கு ஊத்திட்டியா?" அண்ணன், "இருக்கிற வரிக்கும் ருசியாத் தின்னட்டும், வுடு" என்பான். யார் சொன்னது சரி? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு செய்தி. போன வாரம் சித்தி வந்திருந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "நான் இன்னாத்துக்குடி இங்க நிக்கறன்?" என்று என்னையே கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். டாக்டரிடம் கூப்பிட்டால், "எனக்கு இன்னா கேடு? உங்கம்மாவுக்கு வயசாயிடுச்சி, வந்துச்சி" என்கிறாள். உன்னைவிட அவளுக்கு இரண்டு வயதுதானே குறைவு? பேசிக்கொண்டே ஊறுகாயை வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.

அவளை நான் விடமாட்டேன், அம்மா. திட்டினாலும் அழுதாலும் இழுத்துக்கொண்டு போய் அந்தப் பட்டைக்குக் கையை நீட்ட வைப்பேன். வருகிறதை அது தடுக்குமா, கொஞ்சம் தள்ளிப்போடுமா, தெரியாது. எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடைசித் தடவை உன்னை வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மேலே புளியங்கிளைகள் தெரிந்ததும் உன் இடக்கை வயிற்றைத் தடவித் தடவி எதையோ தேடியது. அண்ணன் மாட்டை நிறுத்தினான். மாற்றுக்கு எடுத்து வந்த புடவையை மடித்து உன் கைக்கடியில் வைத்தேன். "எட்டு மாசம்" என்று உனக்காக நான் சொன்னேன்.

அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "சரிம்மா, போ" என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் நீ இறந்துபோனாய். அதே ரோட்டில் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தோம். வண்டி எங்கும் நிற்கவில்லை.

நீ நிஜமாகவே சுமந்த
உன் மகள்