பதின்மூன்றாம் மாதத்துக் குழந்தை

அடிஸ் அபாபா
மெகாபித் 3, 1992

அன்புள்ள யெஷிஹாரெக்,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும். நோன்பு தொடங்கியதிலிருந்து தினமும் ஷிரோக் குழம்புதான். அதையும் அடிபிடிக்க வைக்கிறேன்.

ஜீப்பில் வந்த உன் கணக்கெடுப்புப் படிவக் கட்டில் ஒரு தகராறு. தொகுதி 214, வீடு 9, வரிசை 2. அந்தப் பெண்ணின் கடைசிக் குழந்தை பிறந்த மாதம் 13 என்று எழுதியிருக்கிறாய். வருஷக் கடைசியில் வரும் நம் ஐந்து நாள் பகுமேன் மாதம் மெஷினுக்குத் தெரியாது. வருஷத்தைப் பன்னிரண்டால் பெருக்கி மாதத்தைக் கூட்டுவதுதான் அதற்குத் தெரிந்த கணக்கு. பன்னிரண்டுக்கு மேல் போட்டால் துப்பிவிடுகிறது. மற்றவர்கள் எல்லாரும் 12 என்றே எழுதி அனுப்புகிறார்கள். நீயும் திருத்தி அனுப்பு, அடம் பிடிக்காதே.

கோபம் தணிந்ததா? மெஷெஷா சார் வீட்டு விருந்தில் எத்தனை பிள்ளைகள் என்று யாரோ கேட்டார்கள், இல்லை என்றேன். அத்தனை பேர் நடுவில் வேறென்ன சொல்வது? அதற்காக ஐந்து மாத வெளியூர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டா போவார்கள்?

உன்
அஸ்ஃபாவ்

தெப்ரே தாபோர்
மெகாபித் 11

அன்புள்ள அஸ்ஃபாவ்,

ஷிரோவுக்கு அடுப்பைக் குறைக்கவேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது? படிவத்தைத் திருத்தாமலே திருப்பி அனுப்புகிறேன்.

அந்தப் பெண் முதலில் மூன்று பிள்ளைகள் என்றாள். பிறந்து அழுதுவிட்டுப் பிழைக்காமல் போன குழந்தை உண்டா என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்டாகவேண்டிய கேள்வி அது. காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். பகுமேன் நான்காம் தேதி பெண் பிறந்திருக்கிறது, புதுவருஷத்துக்கு மறுநாள் போய்விட்டது. 12 என்று போட்டால் உன் கணக்கில் அது ஒரு மாதம் வாழ்ந்ததாக ஆகிவிடும். 12 என்று போடச் சொல்வதுதான் ஆபீஸ் விதிமுறை என்று நான் சொன்னதற்கு அவள் சொன்னாள்: "மூணு நாள்தாம்மா இருந்தா. கூடவும் எழுதாதே, குறைச்சும் எழுதாதே. எனக்குன்னு இருக்கறது அந்த மூணு நாள்தான்."

நமக்கு இருந்தது இரண்டு நாள், அஸ்ஃபாவ். அதை நீ பூஜ்யமாக்கினாய். ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாய் பார், அதுதான் வலிக்கிறது. வேலை முடிந்தபின் அந்த வீட்டுக்குத் திரும்பி வரத்தான் வேண்டுமா என்று இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

யெஷி

அடிஸ் அபாபா
மெகாபித் 24

என் யெஷி,

உன் படிவத்தை எடுத்துக்கொண்டு மெஷெஷா சாரிடம் போனேன். பதின்மூன்றை உள்ளே விட்டாலே போதும், கூட்டும்போது அது தானாக அடுத்த வருஷத்து முதல் மாதத்தில் போய் விழுந்துவிடும், குழந்தை ஒரு மாதம் வாழ்ந்ததாக வராது என்று தாளில் போட்டுக் காட்டினேன். "பதிமூணாம் மாசத்துக்கு நமக்கே யாரும் சம்பளம் தர்றதில்ல, மெஷினுக்கு என்னய்யா அக்கறை?" என்று சிரித்தார். ஒரு வரிக்காக எல்லாத் தொகுதிகளையும் மறுபடி ஓட்டவேண்டுமே என்றார். பிள்ளை இல்லாத உனக்கு இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றும் கேட்டார்.

"இருந்தான் சார். ரெண்டு நாள் இருந்தான்" என்றேன்.

சுற்றிலும் படிவங்களை மெஷினில் தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதேன், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். சார் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் மெஷின் பதின்மூன்றை ஏற்றுக்கொண்டது. உன் 214-9-2 முழுசாக உள்ளே இருக்கிறாள், அவள் மகளும் இருக்கிறாள்.

எங்களிடம் வருவது எண்கள்தான், பெயர்கள் வருவதில்லை. நம் பையனுக்கு என்னிடம் இரண்டுமே இல்லை. நாற்பதாம் நாள் ஞானஸ்நானத்துக்கென்று நீ ஏதாவது பெயர் நினைத்து வைத்திருப்பாய். இந்த மூன்று வருஷத்தில் நான் கேட்கவேயில்லை. மன்னித்துவிடு யெஷி. இப்போது கேட்கிறேன்.

அஸ்ஃபாவ்

தெப்ரே தாபோர்
மியாஸியா 4

அன்புள்ள அஸ்ஃபாவ்,

கடிதம் கிடைத்தது. ஜீப் டிரைவர் பக்கத்தில் இருந்ததால் பாதியில் மடித்து வைத்துவிட்டு, பிறகு தனியாகப் போய் உட்கார்ந்து படித்தேன்.

ஈஸ்டருக்கு வருகிறேன். கோழி வாங்கி வை. வெங்காயம் மட்டும் நறுக்கு, அடுப்பைத் தொடாதே.

இப்படிக்கு,
நாஹோமின் அம்மா